ஒரே கல்லூரி, நேரெதிர்ப் பேச்சு: எதை நம்புவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் பள்ளத்தூர். கணவர் காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கணிதம், கணினிப் பிரிவு. பொருளாதாரத்தையும் உளவியலையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் உள்ள மாநில அரசு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மொத்தமே நாலாயிரம் பேருக்குள்தான் படிக்கிறார்கள். ஆண்டுச் செலவு 34,000 டாலர், அதில் உதவித்தொகை 12,000 டாலர் என்று கடிதம் வந்துவிட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் எழுதியிருப்பதை வாசித்தால் ஒன்றும் புரியவில்லை. "பேராசிரியர்கள் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள்" என்கிறார் ஒருவர். "வேண்டிய பாடம் கிடைக்காமல் அரை ஆண்டு கூடுதலாக இருந்தேன்" என்கிறார் இன்னொருவர். "ஊரில் ஒன்றுமே இல்லை" என்று பலர். "நான் சேர்ந்த துறையையே மூடிவிட்டார்கள்" என்றும் ஒருவர். இவளுடைய அப்பத்தா, "பிள்ளை ஆசைப்படுது, பூர்வீக வீட்டுப் பங்கை வச்சுக் கடன் வாங்குங்க" என்கிறார். கணவர், அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியே போதும் என்கிறார். மே 1க்குள் 300 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் வாசித்த நான்கு பேரும் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் வேலையை விட்டுப் போனால் மாணவர்களுக்குத் தெரியவே தெரியாது. நாலாயிரம் பேர் படிக்கும் இடத்தில், நாலைந்து ஆசிரியர்களே உள்ள துறையில் ஒருவர் போனால், அந்தத் துறை மாணவர்களின் நான்கு ஆண்டும் மாறிவிடும். அதனால் இத்தகைய இடங்களைப் பற்றிய பேச்சு துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். எழுதியவர் எந்தத் துறை, எந்த ஆண்டில் படித்தார், வார இறுதியில் வீட்டுக்குப் போகக்கூடிய உள்ளூர்ப் பிள்ளையா என்று மூன்றையும் பாருங்கள். இவை தெரியாத கருத்து, நல்லதோ கெட்டதோ, உங்களுக்கு உதவாது.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். 'ஆர்ட்ஸ்' என்பதைப் பார்த்து நம் பக்கத்தில் பி.ஏ. மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லிபரல் ஆர்ட்ஸில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி எல்லாம் அடக்கம். ஒரு முதன்மைப் பாடத்தோடு மற்ற துறைகளிலும் குறிப்பிட்ட அளவு படித்தே ஆக வேண்டும் என்பதுதான் அமைப்பு. நம் கல்லூரிகளில் பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் என்று பிரித்திருப்பது நினைவிருக்கும். அங்கே அந்தப் பகுதிகளை நிரப்பும் பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும். பொருளாதாரம், உளவியல் இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது உண்மையாகவே ஏற்ற அமைப்பு. தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் பாணியை மாநில அரசுக் கட்டணத்தில் தர முயலும் இப்படிப்பட்ட கல்லூரிகள் 1987-இல் ஒரு கூட்டமைப்பையே தொடங்கின. காப்லாக் என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் முப்பது உறுப்புக் கல்லூரிகள்.

"பேராசிரியர்கள் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி" என்ற கருத்துக்குக் காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு கல்லூரிகளில் முனைவர் பட்ட மாணவர்கள் பெரும்பாலும் கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தில் அவர்கள் செய்யும் ஆய்வு உதவி வேலை இங்கே இளங்கலைப் பிள்ளைகளுக்கு வருகிறது. பேராசிரியரே வகுப்பெடுத்து, அவரே விடைத்தாள் திருத்துகிறார். பரிந்துரைக் கடிதம் எழுதும்போது பிள்ளையின் முகம் அவருக்கு நினைவில் இருக்கும். மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு இதன் மதிப்பு பெரிது. ஆனால் விளம்பரத்தில் வரும் '13 மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்ற விகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடினால் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் புள்ளிவிவரப் படிவம் கிடைக்கும். அதில் ஐ-3 பகுதியில், எத்தனை வகுப்புகளில் 10 பேருக்குள், எத்தனையில் 20 முதல் 29 பேர், எத்தனையில் 50 பேருக்கு மேல் என்று அட்டவணையே இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதே படிவத்தில் பி-22 என்ற இடத்தில், முதலாண்டில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்பது இருக்கும். 80க்கு மேல் இருந்தால் நல்லது. 70க்குக் கீழே இருந்தால், ஏன் போகிறார்கள் என்று கல்லூரியிடமே கேளுங்கள்.

"வேண்டிய பாடம் கிடைக்கவில்லை" என்ற புகாரில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். உங்கள் மகளைத் தொடப்போவது அதுதான். ஆசிரியர் நாலைந்து பேர் என்றால் எல்லா மேல்நிலைப் பாடத்தையும் எல்லா ஆண்டும் நடத்த முடியாது. ஆண்டு விட்டு ஆண்டு நடத்துவார்கள். எடுத்துக்காட்டாக, பொருளாதாரத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராய்வது) என்ற பாடம் இரட்டைப்படை ஆண்டின் வசந்தப் பருவத்தில், அதாவது ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் மட்டும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும். உங்கள் மகள் 2026 ஆகஸ்ட்டில் சேர்ந்து 2030 மே மாதம் பட்டம் வாங்க வேண்டியவள். முதலாண்டில் மைக்ரோ, மேக்ரோ என்ற அடிப்படைப் பொருளாதாரப் பாடங்கள். 2027 இலையுதிர் பருவத்தில், அதாவது ஆகஸ்ட்டில் தொடங்கும் செமஸ்டரில் புள்ளியியல். 2028 வசந்தத்தில் எக்கனாமெட்ரிக்ஸ். கணக்கு சரியாக வருகிறது. அதே நேரத்தில் உளவியல் ஆய்வக வகுப்பு மோதினால்? எக்கனாமெட்ரிக்ஸ் அடுத்து வருவது 2030 வசந்தத்தில், அவளுடைய கடைசிப் பருவத்தில். அதை வைத்து எழுத வேண்டிய இறுதியாண்டு ஆய்வு, அதைக் காட்டிக் கேட்க வேண்டிய கோடைக்காலப் பயிற்சி இரண்டும் கைநழுவும். அந்தப் பருவத்தில் நடத்துபவர் விடுப்பில் போயிருந்தால் கூடுதலாக ஒரு பருவம் தங்க நேரும். இரட்டை முதன்மைப் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த மோதல் இரு மடங்கு.

இதை வீட்டில் உட்கார்ந்தே ஒரு மாலையில் சோதித்துவிடலாம். மகளை ஒரு நாற்பது பக்க நோட்டு எடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில், கல்லூரிப் பாடத்திட்ட ஏட்டைப் பார்த்துப் பொருளாதாரத்துக்கும் உளவியலுக்கும் கட்டாயமான பாடங்களை வரிசையாக எழுதட்டும். வலப்பக்கத்தில் நான்கு கட்டம் போடட்டும்: 2024 இலையுதிர், 2025 வசந்தம், 2025 இலையுதிர், 2026 வசந்தம். பல கல்லூரிகளின் பருவ அட்டவணையைக் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம். நடந்த பாடத்துக்கு எதிரே நாள், நேரம், நடத்தியவர் பெயர். நான்கு கட்டமும் காலியாக இருக்கும் பாடம் ஏட்டில் மட்டுமே உயிரோடு இருக்கிறது என்று பொருள். அது கட்டாயப் பாடமானால் சிவப்பு மையில் சுழியுங்கள். துறைத் தலைவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

நடத்தியவர் பெயர்களைத் துறைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரொபசர், அசோசியேட் புரொபசர், அசிஸ்டென்ட் புரொபசர் என்று மட்டும் இருப்பவர்கள் நிரந்தரமானவர்கள், அல்லது நிரந்தரமாகும் பாதையில் இருப்பவர்கள். விசிட்டிங், அட்ஜங்ட் என்று இருந்தால் நம்மூர்க் கௌரவ விரிவுரையாளர் போல. நன்றாகவே நடத்துவார்கள், ஆனால் அடுத்த ஆண்டு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எமெரிட்டஸ் என்றால் ஓய்வு பெற்றவர். அவரை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. எட்டுப் படம் இருக்கும் பக்கத்தில் நிரந்தரமானவர்கள் மூன்று பேராக இருக்கலாம். பொருளாதாரத்துக்கு மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தத் துறைக்காக இத்தனை லட்சம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, துறையை மூடிய கதை. இது அந்த ஒரு மாணவரின் கெட்ட நேரம் மட்டும் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2007-க்குப் பிறகு பிறப்பு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது பதினெட்டு வயதைத் தொடுகிறார்கள். கிராமப்புறத்துச் சிறு அரசுக் கல்லூரிகளுக்குச் சேர்க்கை குறைகிறது. சேர்க்கை குறைந்தால் கட்டண வருவாயும் குறைகிறது. மாநிலச் சட்டமன்றமோ கணக்குக் கேட்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகம் காப்லாக் அமைப்பின் முக்கியமான உறுப்பு. அங்கேயே 2024-இல் நாடகம், தத்துவம், சமயவியல், பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வு என்ற நான்கு துறைகளை நிறுத்த முடிவெடுத்தார்கள். ஓஹையோவில் 2025-இல் வந்த சட்டப்படி, மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு ஐந்து பட்டம்கூட வழங்காத இளங்கலைப் பிரிவை நிறுத்த வேண்டும். இந்தியானா மாநிலம் அதே ஆண்டில் இளங்கலைக்கு 15 பட்டம் என்ற எல்லை வைத்தது. அதற்குக் கீழே இருந்தால் தொடர்ந்து நடத்தத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகளின் துறையில் ஆண்டுக்கு எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் நேவிகேட்டர்' தளத்தில் கல்லூரியின் பெயரைக் கொடுத்து, புரோகிராம்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் பாடவாரியாக எண்ணிக்கை வரும். உளவியலில் பொதுவாகக் கூட்டம் இருக்கும். பொருளாதாரத்தில் பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஐந்தாறு என்றால், அந்த மாநிலத்தில் இப்படிச் சட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு துறையை மூடினாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்து வெளியேற வழி செய்துதர வேண்டும் என்பது அங்கீகார அமைப்புகளின் விதி. பட்டம் கிடைத்துவிடும். விருப்பப் பாடங்கள் போய்விடும், நல்ல ஆசிரியர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். கோபமாக எழுதியவர்களின் வருத்தம் பெரும்பாலும் இதுதான்.

"ஊரில் ஒன்றுமே இல்லை" என்பதை எடைபோட அளவு தெரிய வேண்டும். உங்கள் மகளின் கல்லூரியை இங்கே குறிப்பிடவில்லை. அதே வகையில் வேறு இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். மிசௌரியில் ட்ரூமன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் கிர்க்ஸ்வில்லில் மக்கள்தொகை சுமார் 17,000. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகம் இருக்கும் ஊரில் சுமார் 5,000 பேர். தேவகோட்டையில் பத்தில் ஒரு பங்கு. மோரிஸிலிருந்து மினியாபொலிஸ் நகரத்துக்கு 160 மைல். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போவது அங்கே வழக்கம். பள்ளத்தூரில் வளர்ந்த பிள்ளைக்குச் சிற்றூர் புதிதில்லை. இங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், அரை மணியில் காரைக்குடி. அங்கே கார் இல்லாமல் மளிகைக் கடைக்குப் போவதே சிரமம் என்பதுதான் வித்தியாசம்.

உள்ளூர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலை காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சனி, ஞாயிறில் விடுதி வெறிச்சென்று இருக்கும். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, டிசம்பர் நடுவில் தொடங்கி நாலைந்து வாரம் நீளும் குளிர்கால விடுமுறை இரண்டிலும் பல கல்லூரிகள் சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிடும். சில இடங்களில் விடுதியையே பூட்டுவார்கள், அல்லது தங்கத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். முதலாண்டில் சாப்பாட்டுத் திட்டம் கட்டாயமாக இருக்கும். பணம் கட்டியும் விடுமுறையில் சோறு கிடையாது. விடுதியில் பொதுச் சமையலறை உண்டா, ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கேளுங்கள். தீ விபத்து பயத்தால் அறைக்குள் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. குளிர்க் கோட்டையும் பூட்ஸையும் சென்னையில் வாங்க வேண்டாம். அந்தக் குளிருக்கு அங்கே கிடைப்பதுதான் தாங்கும். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். முதல் டிசம்பரில் ஒரு பிள்ளை உடைந்துபோவது இப்படிப்பட்ட விஷயங்களால்தான்.

இனி பணம். 34,000 டாலரில் 12,000 போனால் 22,000. டாலருக்கு 90 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 19.8 லட்சம், நான்காண்டுக்கு 79.2 லட்சம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். உதவித்தொகைக் கடிதத்தை மறுபடி வாசியுங்கள்: 12,000 என்பது நிலையான தொகையா, கட்டணத்தில் இத்தனை சதவீதமா? நிலையான தொகை என்றால் அது நான்காண்டும் அப்படியே நிற்கும். செலவு மட்டும் ஏறும். செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாகவும், ரூபாய் ஆண்டுக்கு 3 சதவீதம் சரிவதாகவும் வைத்துப் பாருங்கள். முதலாண்டு 19.8 லட்சம், இரண்டாமாண்டு 21.7, மூன்றாமாண்டு 23.7, நான்காமாண்டு 25.8. கூட்டினால் 91 லட்சம். விமான டிக்கெட்டும் விசாச் செலவும் இதில் சேரவில்லை. அந்த 34,000-இல் மருத்துவக் காப்பீடும் புத்தகமும் அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

உதவித்தொகை தொடர நிபந்தனை இருக்கும். பெரும்பாலும் 4-க்கு 3.0 ஜி.பி.ஏ., அதாவது சராசரியாக 'பி'. நம் பிள்ளைகள் கணிதத்தில் தடுமாறுவது குறைவு. முதல் பருவத்தில் அடி விழுவது கட்டுரை வகுப்பில். புத்தகத்தில் உள்ளதை அச்சுப் பிசகாமல் எழுதி சென்டம் வாங்கிய பழக்கம் அங்கே குறையாகப் போய்விடும். சொந்த வாதம் வேண்டும், மேற்கோள் காட்டும் முறை வேண்டும். பிறர் எழுதியதை மூலம் சொல்லாமல் எழுதினால் அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். கால்குலஸ், ஆய்வகத்தோடு ஓர் அறிவியல், கட்டுரை வகுப்பு மூன்றையும் முதல் பருவத்திலேயே எடுத்துவிட்டு 2.7-இல் முடித்தால் 12,000 டாலர் ஆட்டம் கண்டுவிடும். முதல் பருவத்துக்கு 14 அல்லது 15 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) போதும். 120 கிரெடிட் சேர்ந்தால் பட்டம். பருவத்துக்குச் சராசரி 15. கஷ்டமான பாடத்தைப் பாதியில் விடலாம், ஆனால் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் எஃப்-1 என்ற மாணவர் விசா நிலையே கெடும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்காமல் எந்தப் பாடத்தையும் விடக் கூடாது என்பதை மகளின் மனதில் பதிய வையுங்கள்.

பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்வாள் என்று நம்ப வேண்டாம். பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது விதி. சிறு கல்லூரியில் கிடைப்பது எட்டுப் பத்து மணி நேரம். மணிக்கு 10 டாலர், வாரம் 10 மணி, முப்பது வாரம் என்றால் ஆண்டுக்கு 3,000 டாலர். கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

அப்பத்தாவின் அன்பு பெரியது. ஆனால் பூர்வீக வீட்டுப் பங்கு வங்கியில் செல்லுமா என்பதை இப்போதே விசாரியுங்கள். அரசு வங்கிகளில் வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். செலவில் 15 சதவீதம் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டுமே. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் சிக்கல் எங்கே என்றால், பட்டாலைக் கூடமும் வளவு முற்றமும் பொதுவில் கிடக்கும், பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். பிரிபடாத பங்கை வங்கி வக்கீல் ஏற்கமாட்டார். பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், உங்கள் பெயருக்கு வரி ரசீது, முப்பதாண்டு வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார். இவை கையில் இல்லாவிட்டால் ஆகஸ்ட்டுக்குள் கடன் வராது. பங்காளிகளிடம் கையெழுத்துக்கு அலைந்து மனக்கசப்புதான் மிஞ்சும். கடைக் கட்டடமோ வேறு மனையோ உங்கள் கணவர் பெயரில் தனியாக இருந்தால் அது சுலபம்.

கடன் வந்தாலும் திருப்பிக் கட்டும் கணக்கைப் போடுங்கள். ஆண்டுக்கு 15 லட்சம் வீதம் 60 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும். அது மட்டும் 21 லட்சம். ஆக 81 லட்சம். பதினைந்தாண்டில் கட்டினால் மாதம் சுமார் 87,000 ரூபாய். இந்தியாவில் முதல் வேலைக்குச் சேரும் பொருளாதாரப் பட்டதாரியால் இதைக் கட்ட முடியாது. அமெரிக்காவில் வேலை கிடைத்தே தீரும் என்று நம்பித்தான் இந்தக் கடனை வாங்க முடியும். அந்த நம்பிக்கையின் மேல் வீட்டை வைக்க வேண்டாம்.

அங்கே வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. படிப்பு முடிந்தபின் அதே துறையில் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பட்டமானால் இன்றைய விதிப்படி மேலும் 24 மாதம் கிடைக்கும். பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பட்டத்தின் பெயர் முடிவு செய்வதில்லை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அச்சிடும் பாடக் குறியீடு முடிவு செய்கிறது. பொதுப் பொருளாதாரத்துக்குக் குறியீடு 45.0601, அது பட்டியலில் இல்லை. எக்கனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளாதாரத்துக்கு 45.0603, அது இருக்கிறது. இரண்டு கல்லூரிகள் ஏறத்தாழ ஒரே பாடங்களை நடத்தி, ஒன்று முதல் குறியீட்டையும் மற்றது இரண்டாவதையும் வைத்திருக்கலாம். உங்கள் மகளின் ஐ-20-இல் எந்தக் குறியீடு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடமா மூன்று வருடமா என்பது அந்தக் கடைசி இலக்கத்தில் இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதைக் குறைவாக எண்ண வேண்டாம். அழகப்பா அரசுக் கலைக் கல்லூரி 1947-இல் அழகப்பச் செட்டியார் தொடங்கியது. வீட்டிலிருந்தே போய்வரலாம், ஓராண்டுக் கட்டணம் அங்கே ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்கு வராது. ஆனால் பொருளாதாரத்தையும் உளவியலையும் இணையாகப் படிக்க நம் பக்கத்துக் கல்லூரிகளின் மூன்றாண்டு அமைப்பில் பொதுவாக வழி இல்லை. இங்கே இளங்கலைப் பொருளாதாரமும் கூடவே நல்ல புள்ளியியல் பயிற்சியும் முடித்து, முதுகலைக்கு வெளிநாடு போகலாம். செலவு மிகக் குறைவு, போகும்போது பிள்ளைக்கும் வயது கூடியிருக்கும். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை முதுகலைக்கு ஏற்பதில்லை. எந்தெந்த இடம் ஏற்கிறது என்று இரண்டாமாண்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவைக் கேட்டால்: இன்று கையில் இருக்கும் 12,000 டாலர் உதவித்தொகைக்கு, 60 லட்சம் கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கடனில்லாமல் உங்களால் போட முடிந்து, நோட்டுக் கணக்கில் துறையும் தேறினால் தைரியமாக அனுப்புங்கள். கணக்குத் தெரிந்த, இரண்டு பாடத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல இடம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த வாரமே மூன்று மின்னஞ்சல் போகட்டும். மகளே எழுதட்டும், அவளுடைய சொந்த ஆங்கிலத்தில். முதலாவது சேர்க்கை அலுவலகத்துக்கு: உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா, வெளிமாநிலக் கட்டணத்தில் தள்ளுபடி ஏதாவது உண்டா, தொடர நிபந்தனை என்ன, ஒரு பருவம் மதிப்பெண் குறைந்தால் உடனே நிறுத்துவார்களா, அவகாசம் தருவார்களா, 300 டாலர் திரும்பக் கிடைக்குமா? விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் கட்டுங்கள். இரண்டாவது பொருளாதாரத் துறைத் தலைவருக்கு: சிவப்பில் சுழித்த பாடங்கள் அடுத்து எப்போது நடக்கும், இரட்டை முதன்மைப் பாடத்தை நான்காண்டில் முடித்தவர்கள் கடந்த மூன்றாண்டில் எத்தனை பேர், நிரந்தர ஆசிரியர் யாராவது ஓய்வு பெறப் போகிறார்களா? மூன்றாவது பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு: பாடக் குறியீடு, விடுமுறைத் தங்கல், சமையல், மருத்துவக் காப்பீட்டுத் தொகை. தமிழ் தெரிந்திருப்பதை அந்நிய மொழித் தேவைக்கு ஈடாக ஏற்பார்களா என்றும் அதிலேயே கேளுங்கள். பல கல்லூரிகள் ஏற்கின்றன. ஏற்றால் ஒன்றிரண்டு பாடம் மிச்சமாகி, அந்த எக்கனாமெட்ரிக்ஸ் மோதலைத் தவிர்க்க இடம் கிடைக்கும். மூன்றாமாண்டு படிக்கும் தெற்காசிய மாணவி ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யும்படியும் கேட்கலாம். முதலாண்டு மாணவியானால் இன்னும் புதுமையில் இருப்பாள்.

சிறு கல்லூரியில் துறைத் தலைவர் தானே பதில் எழுதுவார். நான்கு வேலை நாளுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை, அல்லது கேள்வியைத் தொடாமல் கல்லூரியின் பெருமையை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள் என்றால் முன்பணம் கட்ட வேண்டாம். பதில் வந்தால், அந்த நோட்டுக் கட்டங்களையும் சேர்த்துப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மே 1க்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.